ஒரு சுழி குறைந்த தேற்றம்

அலுவலகத்தில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு பதினாறு வருடம் ஆகிறது. கணிதச் சொற்களின் பிறப்பு அகராதி எங்களுடையது. ஒரு சொல் எந்த ஆண்டில், யார் கையால், எந்தப் பக்கத்தில் முதன்முதலாக அச்சேறியது என்று துப்புத் துலக்கி எழுதுவது என் வேலை. 'களம்' நெல்லை உதறிவிட்டு எப்போது கணிதத்துக்குள் நுழைந்தது, 'வேர்' மண்ணை விட்டு எப்போது சமன்பாட்டுக்குக் குடிவந்தது என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறுக்கவில்லை. இந்த வேலைக்கு அது தேவை என்றே நினைக்கிறேன்.

இருப்பதிலேயே பிடிவாதமானவை இடத்தியல் சொற்கள். இழுத்தாலும் வளைத்தாலும் நசுக்கினாலும் மாறாத வடிவக் குணங்களைப் பற்றிப் பேசும் கணிதம் இடத்தியல். அதில் பழைய மேற்கோள்களைத் தேடுவது பெரும்பாடு. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார், அவர் மூன்றாமவரைக் காட்டுவார், மூன்றாமவர் 'நேர்ப்பேச்சில் கேட்டது' என்று அடிக்குறிப்புப் போட்டுக் கையை விரிப்பார். அதனால்தான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு சட்டம் போட்டேன். அச்சிட்ட பக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் அகராதியில் ஒரு வரி ஏறக்கூடாது. பதிப்பாசிரியர் முணுமுணுத்தார், ஆனால் சட்டம் நின்றது.

இரண்டாம் பதிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஓர் அம்மா வந்தார். எழுபது வயது இருக்கும். பருத்திப்பை ஒன்றைத் தோளில் மாட்டியிருந்தார். அதிலிருந்து எங்கள் முதல் பதிப்பை எடுத்து என் மேசையில் வைத்தார். அட்டை கிழிந்து, உள்ளே ஒரு பேருந்துச் சீட்டு அடையாளத்துக்குச் செருகியிருந்தது.

"பிறப்புக் குறிப்பெல்லாம் எழுதறது நீங்கதானா?"

"ஆமாங்க. உட்காருங்க."

"நூத்தி எழுபத்திரண்டாம் பக்கம். கொஞ்சம் சத்தமா படிங்க."

எனக்கு இந்த மாதிரி வருகிறவர்கள் பழக்கம். காற்புள்ளி தவறு என்று சொல்ல இரண்டு பேருந்து மாறி வருவார்கள். சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டி, நடுவில் இருந்த நூல் பட்டியலை விட்டுவிட்டுப் படித்தேன்.

"கன்னித் துணைத்தேற்றம். இடத்தியல். முதல் வரவு: கணித வட்டச் செய்திமடல், நான்காம் ஆண்டு, மூன்றாம் இதழ், பக்கம் நாற்பத்தொன்று. பின்னர்ப் பல பாடநூல்களில் எடுத்தாளப்பட்டது. நிறுவிய ஆசிரியை மணமாகாதவர் என்பதால் இப்பெயர் பெற்றது என்று கூறுவர்."

"கூறுவர்னா யாரு?"

பதில் எனக்குத் தெரியும். பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தேநீர் ஆற்றிக்கொண்டே சொன்ன வேடிக்கை அது. சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பதிவு கொஞ்சம் வறட்சியாக இருக்கிறதே என்று அதைச் சேர்த்தேன். என் சட்டத்துக்கு நானே வைத்துக்கொண்ட கள்ளச்சாவிதான் 'கூறுவர்'. ஆதாரம் இல்லாத எதையும் அந்த ஒரு சொல்லை வைத்து உள்ளே விட்டுவிடலாம்.

"அந்த ஆசிரியை நான்தான்" என்றார் அந்த அம்மா. "எனக்குக் கல்யாணம் ஆகலைங்கறது உண்மை. அதுக்கும் தேற்றத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் எழுதினது கண்ணி. மூணு சுழி ண. சுருக்குப் போட்ட கயிறு இருக்கில்ல, இழுத்தா இறுகுமே, அது. அச்சுல ரெண்டு சுழி போட்டுட்டாங்க."

ஒரு பரப்பில் வளையமாகப் போட்ட கோடு கண்ணி. ஒரு சுழியை உருவிவிட்டால் அது கல்யாணமாகாத பெண். பேசும்போது பாதிப் பேர் வாயில் இரண்டும் ஒரே மாதிரிதான் ஒலிக்கின்றன. எழுத்தில் அந்த ஒரு சுழிதான் வித்தியாசம்.

"அப்பவே மறுப்பு எழுதலையா?"

"எழுதினேன். அடுத்த வருஷம் பிழைதிருத்தம் போடறோம்னாங்க. அடுத்த வருஷம் செய்திமடலே நின்னு போச்சு. அதுக்குள்ள ஒரு கூட்டத்துல பேசக் கூப்பிட்டாங்க. எனக்கு இருபத்தெட்டு வயசு. 'கன்னித் தேற்றம் தந்த கன்னி'ன்னு அறிமுகம் செஞ்சாங்க. அரங்கம் முழுக்கச் சிரிப்பு. நான் பேசினது ஒருத்தர் காதுலயும் ஏறல. அதோட கூட்டத்துக்குப் போறதை விட்டுட்டேன். பள்ளிக்கூடத்துல முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்."

"என் புத்தகத்தைப் பார்த்து ரொம்ப வருத்தப்பட்டிருப்பீங்க."

"உங்க புத்தகம் வர்றதுக்கு முன்னாடி அது ஒரு ஜோக். நாலு பேர் சிரிச்சாங்க, அதுல ரெண்டு பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. தானா மறைஞ்சிருக்கும். உங்க புத்தகம் வந்தப்புறம் அது வரலாறு. பள்ளி நூலகத்துல ஒண்ணு வாங்கி வெச்சாங்க. நான் ஓய்வு பெறுற வரைக்கும் ரெண்டு வருஷம், பன்னிரண்டாம் வகுப்புப் பசங்க நான் உள்ள நுழையும்போது அந்த வரியை ராகம் போட்டுப் படிப்பாங்க." அவர் குரல் உயரவே இல்லை. "'திருத்திய பதிப்பு'ன்னு விளம்பரம் பார்த்தேன். எதைத் திருத்தணும்னு சொல்லலாம்னு வந்தேன். என் பேர்கூட வேண்டாம். எழுத்து சரியா இருந்தா போதும்."

கையெழுத்துப் படி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. செய்திமடலுக்கு அனுப்பியது ஒரே படி. அவரிடம் இருந்த இதழிலும் இரண்டு சுழிதான். நான் எழுந்து நின்று, "வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சிடறேன் டீச்சர்" என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் சொன்னபோது முழுதாக நம்பினேன்.

விஷயத்தைச் சொன்னதும் பதிப்பாசிரியர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"அவங்க சொல்றாங்கன்னு எப்படிம்மா மாத்தறது? அச்சுல ஆதாரம் இருக்கணும். நீங்க போட்ட சட்டம்தானே."

"ஆதாரம் கொண்டு வர்றேன் சார்."

"கொண்டு வந்தாலும் அந்தக் குறிப்புக்குப் பதினோரு வரிதான். பக்கமெல்லாம் கட்டியாச்சு. பத்தும் ஆகக் கூடாது, பன்னிரண்டும் ஆகக் கூடாது. ஒரு வரி நகர்ந்தா எண்பது பக்கம் நகரும்."

செவ்வாய்க்கிழமை பாடநூல்களை எல்லாம் இறக்கி வைத்துச் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். ஐந்து நூல்களில் அந்தத் தேற்றம் இருந்தது. ஐந்திலும் கன்னி. ஐந்தாவது நான்காவதைக் காட்டியது, நான்காவது மூன்றாவதை. கடைசியில் எல்லாக் கைகளும் செய்திமடலின் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத்தான் காட்டின. அச்சுக் கோத்த ஒரு கம்போசிட்டரின் கைப்பிசகை ஐந்து பேராசிரியர்கள் பயபக்தியோடு படியெடுத்திருந்தார்கள். ஆறாவது ஆளாக நானும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கீழ்த்தளத்தில் செய்திமடலின் முழுத் தொகுதி இருந்தது. குழாய் கசிந்து ஒரு சுவர் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. நூலகர் இருமிக்கொண்டே ஏணியைப் பிடித்தார். நான்காம் ஆண்டுத் தொகுதி மேல் தட்டில் இருந்ததால் பிழைத்திருந்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தேன். தலைப்பில் கன்னி. நான்கு பக்கக் கட்டுரையின் கடைசி வரியில் இன்னொரு முறை கன்னி. நடுவில் முழுக்க 'வளைகோடு க' என்றே போகிறது, 'க'வை இழுத்தால், 'க'வைச் சுருக்கினால் என்று. அந்த ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நான்கு பக்கத்தையும் ஆண்டு இறுதியில் போட்டிருந்த அகரவரிசைப் பொருளடைவையும் படியெடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

அண்ணி எங்கள் வீட்டுச் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாடியில் அவர்கள் வீடு. அங்கே சமையலறையில் ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே போக வேண்டும் என்பதால் சாயங்காலச் சமையல் இரண்டு குடும்பத்துக்கும் இங்கேதான். என் மூஞ்சியைப் பார்த்ததுமே, "என்ன, பூதக்கண்ணாடி உடைஞ்சு போச்சா?" என்றாள். தாள்களை மேசையில் போட்டுவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன்.

அண்ணி பெரிய மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் பதிவேடுகளை அடுக்கும் அறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறாள். அகரவரிசை என்று எதைக் கண்டாலும் அவளுக்குக் கை துறுதுறுக்கும். நான் புலம்பிக்கொண்டிருக்க, அவள் கத்தியை வைத்துவிட்டுப் பொருளடைவின் மேல் விரலை ஓட்டினாள்.

"இது இடம் மாறி உட்கார்ந்திருக்கு."

"எது?"

"உன் கன்னிதான். கட்டம், கன்னி, கதிர்னு போகுது. ரெண்டு சுழி ன கடைசி எழுத்து இல்லையா? கதிர், கலப்பெண், களம், கற்பனை எண் எல்லாம் தாண்டி, கீழ கனசதுரத்துக்குப் பக்கத்துலதானே இருக்கணும்?"

"அடுக்கினவர் தூக்கக் கலக்கத்துல அடுக்கியிருப்பார், அண்ணி."

"அப்படியா? வேற எங்கயாவது தூங்கியிருக்காரான்னு பார்ப்போம்."

எட்டுப் பக்கம், முந்நூற்றுப் பன்னிரண்டு தலைப்பு. அடுப்பை அணைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். அண்ணன் இரண்டு முறை எட்டிப்பார்த்துவிட்டு, பசிக்கிறது என்று சொல்லத் தைரியம் இல்லாமல் திரும்பிப் போனான். முந்நூற்றுப் பதினொன்று தன் தன் இடத்தில் ஒழுங்காக இருந்தது. இந்த ஒன்றுதான் மாறி நின்றது. அதுவும் கண்ணி என்று இருந்தால் எங்கே நிற்குமோ, சரியாக அங்கேயே.

"எங்க அறையில இது அடிக்கடி நடக்கும்" என்றாள் அண்ணி. "மேல ஒட்டின சீட்டுல பேர் தப்பா இருக்கும், கோப்பு மட்டும் சரியான இடத்துல இருக்கும். அப்படின்னா அடுக்கினவங்க சீட்டைப் பார்க்கல, உள்ள இருக்கறதைப் பார்த்து அடுக்கியிருக்காங்க. இவர் எதைப் பார்த்து அடுக்கினார்?"

பொருளடைவின் முதல் பக்கத்தைப் பிடுங்கினேன். தலைப்புக்குக் கீழே, யாரும் படிக்காத சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'கட்டுரையாளர்கள் தம் கைப்பட எழுதி அனுப்பிய அட்டைகளின்படி வரிசைப்படுத்தப்பட்டது.' டீச்சரின் கையெழுத்தைப் பார்த்து ஒருவர் அட்டையைச் சரியான இடத்தில் செருகியிருக்கிறார். கம்போசிட்டர் அதைப் பழக்கதோஷத்தில் மறுபடி ஒரு சுழி குறைத்துக் கோத்திருக்கிறார். இடத்தை மட்டும் அவரால் மாற்ற முடியவில்லை. இந்த ஆதாரத்துக்குப் பக்க எண் இருந்தது, அச்சில் இருந்தது, என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். அண்ணியைக் கட்டிக்கொண்டேன்.

"பதினாறு வருஷமா பூதக்கண்ணாடி" என்றாள் அவள், கத்தியைக் கையில் எடுத்தபடி. "எழுத்தைப் பார்ப்பே. எழுத்து எங்க நிக்குதுன்னு பார்க்க மாட்டே. வா நாத்தனாரே, வெங்காயத்தை உரி."

புதன்கிழமை பதிப்பாசிரியர் பொருளடைவை மேலும் கீழுமாக மூன்று தடவை படித்தார். பிறகு தலையாட்டினார்.

"இது போதும். தலைச்சொல்லைக் கண்ணின்னு மாத்திடுங்க. கல்யாண வரியை எடுத்துட்டு வேற ஏதாவது போட்டு நிரப்புங்க. சத்தம் போடாம முடிச்சிடலாம்."

"சத்தம் போடாம மாத்த முடியாது சார். தப்பு என்னோடது. அதையும் எழுதணும்."

"உங்க பேர்ல இதுவரைக்கும் ஒரு பிழை வந்ததில்லை. யோசிச்சுக்கங்க."

யோசிக்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று மாலை வரை உட்கார்ந்து எழுதினேன். எட்டு வரியில் சொல்லின் பிறப்பு, பொருளடைவுச் சான்று, அச்சுப்பிழை பரவிய கதை. மிச்ச மூன்று வரி இப்படி: 'நிறுவிய ஆசிரியை மணமாகாதவர் என்பதால் கன்னி என்ற பெயர் வந்தது என இவ்வகராதியின் முதல் பதிப்பு கூறியது முழுத் தவறு. ஆதாரமின்றி அதை எழுதியவர் இப்பகுதியின் தொகுப்பாளரே. அவர் அதற்கு வருந்துகிறார்.' படித்துப் படித்துப் பார்த்தேன். எத்தனை அகராதிக்காரர்களுக்கு இந்த நெஞ்சுரம் வரும் என்று எனக்கே புல்லரித்தது.

வியாழக்கிழமை பிற்பகல் மெய்ப்புத் தாளை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, மின்தூக்கி கிடையாது. ஒரே அறை, ஜன்னலோரம் ஒரு மேசை, சுவரில் ஓர் ஆள் அகலத்துக்குக் கரும்பலகை. கரும்பலகையில் பால்காரருக்கு ஒரு குறிப்பு இருந்தது, அதைச் சுற்றிப் பாதி அழித்த வளையங்கள். எனக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தார். தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

தலைச்சொல்லிலேயே வெகுநேரம் நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அண்ணி கண்டுபிடித்ததைச் சொன்னேன். "அட்டையை நான்தான் எழுதினேன். பச்சை மை. மறந்தே போயிட்டேன்" என்றார். மேலே படித்தார். கடைசி மூன்று வரிக்கு வந்ததும் முகம் மாறியது.

"இது எதுக்கு?"

"நான் செஞ்ச தப்பு டீச்சர். ஒத்துக்கணும் இல்லையா?"

"யார்கிட்ட?"

"படிக்கறவங்ககிட்ட."

"புதுசா படிக்கறவங்களுக்கு அந்த ஜோக்கே தெரியாது. நீங்களே கூப்பிட்டு உட்கார வெச்சுச் சொல்லிக் கொடுக்கறீங்க." அவர் தாளை என் பக்கம் திருப்பினார். "போன தடவை 'கூறுவர்'னு போட்டீங்க. இந்தத் தடவை 'கூறியது தவறு'ன்னு போடறீங்க. பன்னிரண்டாம் வகுப்புப் பையன் எதைப் படிச்சுச் சிரிப்பான்? உங்க மனசு ஆறணும்னு மறுபடியும் என் தலைதான் உருளணுமா?"

எனக்குச் சுரீர் என்றது. முழுக்க என் நேர்மையைப் பற்றியே எழுதியிருக்கிறேன். அதற்கு மேடையாக அவரை மறுபடியும் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். புல்லரித்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

"தப்பு எனக்குத்தானே செஞ்சீங்க" என்றார். "என்கிட்ட சொல்லுங்க."

நாற்காலியிலிருந்து எழுந்தேன். கை வைக்க இடம் தெரியவில்லை.

"தப்பு பண்ணிட்டேன் டீச்சர். ஒரு சிரிப்புக்காக எழுதிட்டேன். மன்னிச்சிடுங்க."

"சரி" என்றார். அவ்வளவுதான். சிவப்புப் பேனாவை எடுத்து மூன்று வரியையும் நானே அடித்தேன்.

அடித்த பிறகுதான் பதிப்பாசிரியரின் எண்பது பக்கம் நினைவுக்கு வந்தது. "மூணு வரி காலியாகுது டீச்சர். விட்டா பக்கம் குலைஞ்சிடும். எதையாவது போட்டு நிரப்பணும்."

அவர் தாளை வாங்கி மேலிருந்து கீழாக இன்னொரு முறை பார்த்தார்.

"எங்க பிறந்தது, எப்ப பிறந்தது, எப்படிப் பேர் கெட்டதுன்னு எல்லாம் இருக்கு. தேற்றம் என்ன சொல்லுதுன்னு எங்கயுமே இல்லையே?"

"பிறப்புக் குறிப்புல அதைப் போடற வழக்கம் இல்லை டீச்சர்."

"நாப்பத்துமூணு வருஷத்துல அந்தப் பேரைப் பத்தி என்கிட்ட கேட்காத ஆளே கிடையாது. அது என்ன சொல்லுதுன்னு ஒருத்தர் கேட்டதில்லை. எழுதிக்கறீங்களா?"

பேனாவை மாற்றிக்கொண்டேன். டீச்சர் கட்டிலை விட்டு எழுந்து நின்றார். எந்தத் தாளையும் எடுக்கவில்லை, கண்ணைக்கூட மூடவில்லை. கடைசி வரிசை மாணவனுக்கும் கேட்கிற குரலில், நான் எழுதி முடிக்க ஒவ்வொரு துண்டுக்கும் நேரம் கொடுத்து, சொல்லிக்கொண்டே போனார்.

"ஒரு பரப்பில், தன்னைத் தானே வெட்டாத கண்ணி ஒன்றை இடுக. அதன் வழியே அறுத்த பின்னும், பரப்பு இரண்டாகப் பிரியவில்லை எனில், அந்தக் கண்ணியை எவ்வளவு இழுத்தாலும், ஒரு புள்ளியாகச் சுருக்கிவிட முடியாது."

மெய்ப்புத் தாளின் ஓரத்தில் வைத்து எண்ணிப் பார்த்தேன். மூன்று வரி, கடைசியில் நான்கெழுத்து இடம் மிச்சம்.

"முற்றுப்புள்ளி வெச்சாச்சா?" என்று கேட்டார்.

"வெச்சாச்சு டீச்சர்."